சுரண்டிய தேதி

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டைக் கொடுத்தவர் பூரணி மேடம். மரப்பாசி பற்றிப் படித்துப் பெரிய பட்டம் வாங்கப் போகிறவர். முப்பது வயதிருக்கும். பாசியைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு மனுசரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. எங்கள் ஊத்துப்பாறைக் காட்டில் கூடமாட வேலை செய்ய ஆள் கேட்டிருக்கிறார். பாரஸ்டர் தியாகு என் பெயரைச் சொல்லியிருக்கிறார். வெள்ளத்தாயிக்குப் புருசன் செத்து எட்டு மாதமாகிறது, ஒரு வேலை கொடுத்தால் புண்ணியம் என்று. புண்ணியம் அவருக்கு, அட்டைக்கடி எனக்கு.

தினமும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். மழையா, வெயிலா, மூட்டமா, மரத்தில் என்ன மாற்றம் என்று. நான் அஞ்சாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் பூண்டு உரிக்கப் போய்விட்டேன் என்றேன். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, தேதி மட்டும் தப்பக் கூடாது என்றார்.

நோட்டு தடியாக இருக்கிறது. அதனால் முன்பக்கத்திலிருந்து மேடத்துக்கு. பின்பக்கத்தைத் திருப்பி எனக்கு. இது பின்பக்கம். முன்பக்கத்தில் மழை மட்டும்தான் பெய்யும்.

ஜூன் 4, புதன்

முதல் நாளே வேலை போயிருக்கும்.

நாற்பது மரத்துக்கு நம்பர் தகடு அடிக்க வேண்டும். மேடம் கொட்டகையில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார், என்னை முன்னால் போய் ஆரம்பிக்கச் சொன்னார். காட்டு இலாகாக்காரர்கள் மரத்துக்கு நம்பர் போடுவதை நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன். முதலில் பட்டையைச் சுரண்டி ஒரு சதுரம் துப்புரவாக்குவார்கள், பிறகுதான் நம்பர். நானும் மூன்று மரத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சாண் சதுரம் சுரண்டி, தேங்காய் நாரால் தேய்த்து, கழுவியும் விட்டேன். கல்யாண வீட்டு அண்டா மாதிரி பளபளவென்று இருந்தது.

மேடம் வந்து பார்த்தார். வேர் மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன்.

"அக்கா, நான் எண்ண வந்ததே நீங்க சுரண்டிப் போட்டதத்தான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடினேன், மூக்கு வழியாக வந்தது. நல்ல வேளை, அவருக்கும் வந்தது. பிறகு அவரே சமாதானமாகி, சரி, சுரண்டிய தேதி தெரிந்த தழும்பு மூன்று கிடைத்துவிட்டது, பாசி எத்தனை நாளில் திரும்ப வளர்கிறது என்று இதை வைத்தே அளக்கலாம் என்றார். படித்தவர்களுக்கு நட்டமே கிடையாது.

ஜூன் 6, வெள்ளி

தகடு எல்லாம் அடித்தாயிற்று. காடு மூன்று துண்டு.

மேலக்காட்டில் வாட்டில் மரத்தைப் போன வருடமே மொத்தமாக வெட்டிவிட்டார்கள். நடுவில் இருந்த பழைய மரங்கள் ஏழெட்டு மட்டும் தனியாக நிற்கின்றன, விருந்து முடிந்த பிறகும் போகாத சொந்தக்காரர்கள் மாதிரி. நடுக்காட்டில் இரண்டுக்கு ஒன்று என்று விட்டுவிட்டு வெட்டியிருக்கிறார்கள். கீழக்காட்டில் இன்னும் கை வைக்கவில்லை. அங்கே வாட்டிலுக்குப் பின்னால் சோலை ஆரம்பிக்கிறது. நாவல், காட்டு மா என்று நம்முடைய பழைய மரங்கள் முட்டிக்கொண்டு நிற்கிற இருட்டு. வாட்டில் வெளியூரிலிருந்து வந்த மரம், எப்போதோ பட்டைக்காக நட்டது. அது புல்வெளியைத் தின்கிறது, எடுக்கத்தான் வேண்டும் என்று மேடமே சொல்கிறார். ஆனால் எப்படி எடுப்பது என்பதில்தான் அவருக்கு வழக்கு. ஆகஸ்டில் கீழக்காட்டை வெட்டப் போகிறார்கள்.

பதினாலாம் நம்பர், சோலையின் முதல் மரம், நாவல். எங்கள் வீட்டு மனுசன் விழுந்தது இதிலிருந்துதான். ஆணி சுலபமாக இறங்கியது.

ஜூன் 8, ஞாயிறு

சேவுகன் விறகு கொண்டுவந்து போட்டான். என் கொழுந்தன், அந்த மனுசனுக்குத் தம்பி. மரம் வெட்டுகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. எட்டு மாதமாக ஞாயிறு தவறாமல் ஒரு கட்டு. சாவுக்கு முந்தின சாயங்காலம் அண்ணனுக்கு பாட்டில் வாங்கிக் கொடுத்தது இவன். போதை தெளியாமல் மரத்தில் ஏறி விழுந்தான் என்று ஊரே சொல்கிறது. இவன் அன்றைக்கு விட்டவன்தான், இன்னும் குடிக்கவில்லை. முகம் காய்ந்த பீன்ஸ் மாதிரி ஆகிவிட்டது.

விறகு நல்ல காய்ந்த விறகு. குற்றம் சொல்ல முடியாது.

ஜூன் 12, வியாழன்

மேடம் ஒரு கம்பிச் சட்டம் வைத்திருக்கிறார், இட்லித்தட்டு அளவு, உள்ளே குட்டிக் குட்டிக் கட்டம். அதை மரத்தில் கட்டி, எந்தக் கட்டத்தில் எந்தப் பாசி என்று எண்ணுகிறார். பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஒரு பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அட்டை முழங்காலுக்கு வந்துவிடுகிறது. அதனால் நான் பெயர் வைத்துக்கொண்டேன். கிளையில் தொங்குவது சாமியார் தாடி. ஈர இடத்தில் இலை மாதிரி விரிந்து கிடப்பது யானைக்காது. குழம்பில் போடுகிற கல்பாசிக்குப் பெயர் தேவையில்லை, அது கல்பாசி. பட்டையோடு ஒட்டிச் சுண்ணாம்பு சிந்தினது போல் இருந்து, கத்தி வைத்தாலும் வராதது என் மாமியார்.

மேடம் முதலில் முகம் சுளித்தார். இன்று அவரே, "அக்கா, மூணாவது கட்டத்துல மாமியார் போட்டுக்கங்க" என்றார்.

பாசி என்பது ஒரே உயிர் இல்லையாம். பூஞ்சை ஒன்று, பச்சைப்பாசி ஒன்று, இரண்டும் சேர்ந்து குடித்தனம். ஒன்று கூரை போடுகிறது, இன்னொன்று சமைக்கிறது. யார் அதிகம் வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். அதைப் பற்றி அறிஞர்களுக்குள் சண்டை என்றார். அவர்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஜூன் 13, வெள்ளி

மழை. சட்டம் நனைந்தது, மேடம் நனைந்தார், நான் நனைந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று எண்ணிக்கை ஒரு சுற்று முடிந்தது. சோலை ஓரத்து மரங்களில் இருபத்து மூன்று விதம். பாதி வெட்டின நடுக்காட்டில் பதினேழு. மொத்தமாக வெட்டின மேலக்காட்டில் ஆறு. அந்த ஆறில் மாமியார் உண்டு. எந்த வெயிலிலும் பிழைப்பாள்.

மேலக்காட்டில் ஒரு பழைய மரத்தில் யானைக்காதைத் தொட்டேன். வெளுத்து, பொரித்த அப்பளம் மாதிரி கையோடு நொறுங்கிவிட்டது. அந்த மரத்தை யாரும் வெட்டவில்லை, கோடாலி படவில்லை. சுற்றி நின்ற மரத்தை ஒரே நாளில் எடுத்ததுதான் அதற்கு நடந்தது. வெயிலும் காற்றும் நேரே அடித்திருக்கிறது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே இருந்ததுதான் செத்தது.

அதனால் மேடம் கேட்பது இதுதான். கீழக்காட்டில் சோலையை ஒட்டி ஒரு முப்பதடி அகலத்துக்கு வாட்டிலை ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம், மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ரேஞ்சர் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பார்க்க வருகிறார். அவர் நல்ல மனுசன், ஆனால் ஒரு கேள்வி கேட்பாராம். "போனா வளராதா?" எத்தனை வருடம் ஆகும் என்று தேதியோடு சொன்னால்தான் எடுபடும்.

ஜூலை 6, ஞாயிறு

விறகு வந்தது. இந்த முறை சேவுகன் உட்கார்ந்து காப்பி குடித்தான். கீழக்காட்டு வேலை ஆகஸ்ட் நாலாம் தேதி ஆரம்பம், தன் கூட்டத்துக்குத்தான் என்றான். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்த நாவ மரம் நிக்கிதுல்ல மதினி. அது என் கண்ணுல படவே கூடாது. பக்கத்து வாட்டில அது மேல சாச்சு விட்டுர்றேன். கை தவறிருச்சும்பேன். ஆரு கேக்கப் போறா?"

மரம் என்ன செய்தது என்று கேட்டேன்.

"நாஞ் செஞ்சத என்னால வெட்ட முடியல. அதையாவது வெட்டுறேன்."

சேவுகன் கை தவறாது. முப்பதடி மரத்தைச் சாய்த்துத் தரையில் வைத்த தீப்பெட்டியை நசுக்குகிறவன். இன்னொரு காப்பி கொடுத்தேன்.

ஜூலை 9, புதன்

மேடம் பதினாலில் ஏணி போட்டு ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் மேலேயே இருந்தார். என்ன என்றேன்.

"யாரோ இங்க சுரண்டிருக்காங்கக்கா. புதுசு. ஒரு வருசத்துக்குள்ளதான் இருக்கும். நீளமா இழுத்து இழுத்து... பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க."

பாதியில்தான் விட்டுவிட்டுப் போனார்.

அவருக்கு ஒரே சந்தோசம். நிழலில் உள்ள மரத்தில் இவ்வளவு புதுத் தழும்பு வேறு எங்கும் இல்லையாம். இதன் தேதி மட்டும் தெரிந்தால், பக்கத்திலிருந்து பாசி எவ்வளவு உள்ளே நகர்ந்திருக்கிறது என்று அளந்து, முழுதாக மூட எத்தனை வருடம் என்று ரேஞ்சர் முன்னால் வைத்துவிடலாம். "தேதி தெரிஞ்சா இது தங்கம்க்கா" என்றார்.

முன்பக்கத்தில் எழுதினேன். பதினாலு: மூட்டம். மாற்றம் இல்லை.

ஜூலை 10, வியாழன்

பட்டாணி உரித்தேன். உலைமூடியைக் காணவில்லை, தேடினேன், கிடைத்தது.

ஜூலை 15, செவ்வாய்

பழைய தழும்புகளையும் மேடம் கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டார். இருபத்தொன்றாம் நம்பரில் ஒன்று, முப்பதில் இரண்டு, ஒன்பதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கத்தியால் ஒரு சின்ன வெட்டு இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார்.

அது நான்.

இங்கே எழுதுவதால் ஒன்றும் ஆகாது. பத்தொன்பது வருடம் நானும் அந்த மனுசனும் கல்பாசி சுரண்டினோம். இலாகாவுக்குத் தெரிந்தால் கேஸ். ஆனால் நாங்கள் முறை வைத்திருந்தோம். ஒரு மரத்தில் ஒரு பக்கம்தான் எடுப்போம். உச்சியில் தாய்ப்பாசி விட்டுவிடுவோம். எடுத்த பக்கத்தில் அடையாளமாக ஒரு வெட்டு, அப்புறம் ஏழு வருடம் அந்தப் பக்கம் கத்தி வைக்கக் கூடாது. ஏறுவது நான். அவர் கீழே சாக்கைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுரண்டு இதைச் சுரண்டு என்று மேற்பார்வை. கலெக்டர் தோற்றார்.

மேடத்திடம், யாரோ சொல்லிக் கேள்வி என்று சொல்லித் தேதிகளைச் சொன்னேன். ஒன்பது, என் மகளுக்குப் பூப்பு நீராட்டு நடந்த மாசி. முப்பது, ரோட்டில் மண் சரிந்து பஸ் வராத வருடம். இருபத்தொன்று, போன தேர்தலுக்கு முந்தின தேர்தல், மை காயாத விரல். மேடம் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்தார். பாசியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஜூலை 22, செவ்வாய்

கணக்குப் போட்டுவிட்டார். ஏழு வருடத்துத் தழும்பு நிழலில்கூடக் கால்வாசிதான் மூடியிருக்கிறது. முழுதாக மூட இருபத்தைந்து வருடத்துக்கு மேல். மேலக்காட்டு வெயிலில் பழைய தழும்பு மூடவே இல்லை, விளிம்பு பின்னால் போயிருக்கிறது.

ஏழு வருடம் என்பது யார் சொன்ன கணக்கு என்று யோசித்தேன். அந்த மனுசனின் அப்பா சொன்னது. அவருக்கு யார் சொன்னார்களோ. நாங்கள் நியாயமாக எடுக்கிறோம் என்று பத்தொன்பது வருடம் பெருமைப்பட்டுக்கொண்டோம். நாலில் மூன்று பங்கு திருட்டு.

மேடம் சொன்னார், அறிக்கையில் யாரோ சொன்னார்கள் என்று எழுத முடியாது, சுரண்டியவர் பெயர் வேண்டும். அந்த ஆளே ரேஞ்சர் முன்னால் வந்து சொன்னால்தான் நிற்கும். அதோடு பதினாலின் தேதி. அது இல்லாமல் போனால் எல்லாம் பழங்கதை என்று சொல்லிவிடுவார்கள்.

"உங்களக் கட்டாயப்படுத்தலக்கா" என்றார். அது காதில் விழுந்ததாகவே நான் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு என்ன, எனக்கு யாரைத் தெரியும்.

ஜூலை 25, வெள்ளி

பரணில் உரச்சாக்கு இருக்கிறது. எலி கடிக்கவில்லை. பார்த்துவிட்டு இறங்கினேன்.

ஜூலை 27, ஞாயிறு

சேவுகன் விறகை இறக்கிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் இந்நேரம் வேலை சாமான் எல்லாம் கீழக்காட்டுக்குப் போய்விடும், முதல் நாள் முதல் வெட்டு நாவல் பக்கத்து வாட்டில்தான் என்றான்.

உட்கார் என்றேன். உட்கார்ந்தான். காப்பி வருகிறது என்று நினைத்தான்.

உன் அண்ணன் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை என்றேன். நீ வாங்கிக் கொடுத்த பாட்டில் மூடி திறக்காமல் அரிசிப் பானைக்குள் கிடந்தது, நான்தான் எடுத்து ஒளித்துவைத்திருந்தேன், சாவு முடிந்து சாக்கடையில் ஊற்றினேன் என்றேன். அவர் மரத்தில் ஏறினது கல்பாசிக்கு. போகச் சொன்னது நான்.

அவன் கயிற்றைக் கீழே வைத்தான்.

"பெறகு ஏன் குடிச்சிட்டு விழுந்தான்னு சொன்னீக?"

நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது, நான் பேசாமல் இருந்தேன் என்று ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே அசிங்கமாக இருந்தது. சாக்கையும் கத்தியையும் ஒளிக்கிற அவசரத்தில், குடித்திருந்தாரா என்று தியாகு கேட்டபோது தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டின தலையை அப்புறம் நிறுத்த முடியவில்லை. அதையும் சொன்னேன்.

பக்கத்தில் வந்த கோழியைக் கையால் விரட்டினான்.

"அப்ப ஒம்பது மாசமா நாஞ் சுமந்த வெறகு?"

"எரிச்சாச்சு" என்றேன்.

எழுந்து போய்விட்டான். கயிற்றை எடுக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

மேடம் வருவதற்கு முன்னால் கொட்டகைக்குப் போய், நோட்டின் முன்பக்கத்தைத் திறந்து எழுதினேன். அதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். எழுத்து ஒரு பக்கம், நெஞ்சு ஒரு பக்கம் என்று இருக்கக் கூடாது.

போன வருடம் அக்டோபர் 17, வியாழன். புரட்டாசி முடிந்து மறுநாள். விரதம் முடிந்து எல்லாரும் கறி எடுப்பார்கள், கல்பாசிக்குக் கிராக்கி. காலையிலிருந்து மழை. மழையில்தான் சுரண்ட வேண்டும். நனைந்தால்தான் பாசி தோல் மாதிரி உரிந்து வரும், காய்ந்தால் பொடியாகப் போகும். மரமும் அப்போதுதான் வழுக்கும். எப்போதும் ஏறுவது நான். அன்றைக்கு நான் தலைக்குக் குளித்திருந்தேன். மறுபடி நனைந்தால் காய எத்தனை நேரமாகும் என்று நினைத்தேன். அவர் முழங்கால் வலி என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தே இருக்கிற காலுக்குத்தான் வலி வரும், எழுந்து போனால் போய்விடும் என்றேன். சரி என்று சாக்கை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, கூந்தலை நல்லாக் காய வை, வந்து சீவி விடுகிறேன் என்று கேலி பண்ணினார். பதினாலாம் நம்பர் மரத்தில் பத்தடி உயரத்தில் சுரண்டியது அவர். பெயர் வீரணன். வயது நாற்பத்தாறு. சுரண்டிய அளவு, சாக்கில் அரைக்கிலோ. மற்ற மரத்துத் தழும்பெல்லாம் நான்.

மேடம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லவேளை கட்டிப்பிடிக்கவில்லை. "கேஸ் போட்டா நான் கூட வருவேன்க்கா" என்றார். அப்புறம் ஏணியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போய் அளந்தோம். பக்கத்திலிருந்து பாசி உள்ளே வந்திருப்பது நகத்தின் வெள்ளைப் பிறை அளவு. அதையே அவர் மூன்று தடவை அளந்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ரேஞ்சர் வந்தார். மேடம் படம், கோடு எல்லாம் காட்டினார். நாங்கள் எதிர்பார்த்தபடியே, போனால் வளராதா என்று ரேஞ்சர் கேட்டார். மேடம் வருடத்தைச் சொன்னார். தேதி எல்லாம் யார் சொன்னது என்றார்.

நான் முன்னால் போனேன். ஐயா, இந்தக் காட்டில் கல்பாசி திருடியது நான்தான், எந்த மரத்தில் எந்த நாள் என்று வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சொன்னேன். மரத்துக்கு மரம் கூட்டிப் போய் என் வெட்டைக் காட்டினேன். தியாகு முகம் மேலக்காட்டு யானைக்காது மாதிரி வெளுத்துவிட்டது, ஏனென்றால் அவர் வீட்டுக் கறிக்கும் நம் கல்பாசிதான்.

பதினாலுக்கு வந்தோம். தேதியை மட்டும் சொன்னேன். ரேஞ்சர் தழும்பை அண்ணாந்து பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, மழை பெய்கிறதே என்று மறுபடி போட்டுக்கொண்டார்.

சோலை ஓரம் முப்பதடி விட்டுவிடச் சொல்லி, அதை மூன்று வருடத்தில் எடுக்க உத்தரவு எழுதினார். எனக்குக் கேஸ் இல்லை. ஆனால் சும்மா விட முடியாது, மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும்.

ஆகஸ்ட் 2, சனி

மன்னிப்புக் கடிதம், முதல் தடவை எழுதினது:

ஐயா, ஊத்துப்பாறை வெள்ளத்தாயி எழுதிக்கொள்வது. பத்தொன்பது வருடம் கல்பாசி சுரண்டியது உண்மை. ஏழு வருடத்தில் வளரும் என்று நினைத்தோம், வளராது என்று இப்போது தெரிகிறது. தெரிந்தபின் சுரண்ட மாட்டேன். உங்கள் பாரஸ்டர் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லித் தியாகு கெஞ்சினார். எடுத்துவிட்டேன். இருபது நிமிடம் கெஞ்சவிட்டு எடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விறகு வரவில்லை. கயிறு மூலையில் கிடக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்றே வெட்டு ஆரம்பித்துவிட்டது. நான் போகவில்லை. இன்று ரம்பச் சத்தம் நாவல் பக்கம் கேட்டது, போனேன்.

முப்பதடிக் கோட்டுக்குச் சற்று வெளியே ஒரு பெரிய வாட்டில், தானாகவே பதினாலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். அதை விட்டு வைக்க முடியாது, வெட்டினால் நேரே நாவல் மேல்தான் விழும். கை தவறிற்று என்று சொல்லக்கூடத் தேவையில்லை, சும்மா வெட்டினாலே போதும். சேவுகன் அதன் அடியில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். மதினி என்று கூப்பிடவில்லை.

பிறகு கூட்டத்தில் ஒருவனை அனுப்பி வடம் கொண்டுவரச் சொன்னான். அவனே ஏறி உச்சியில் கட்டினான். ஆறு பேரை மறுபக்கம் இழுக்கச் சொல்லி, ரம்பத்தை அவன் வைத்தான். ஒரு மணி நேர வேலை, ஒரு மரத்துக்கு. மரம் முனகித் திரும்பி, அந்தப் பக்கம் விழுந்தது. நாவலில் ஒரு இலை அசைந்தது, அவ்வளவுதான்.

சேவுகன் ரம்பத்தை வைத்துவிட்டு பதினாலுக்கு வந்தான். தழும்பை அண்ணாந்து பார்த்தான்.

"முழங்கால் வலியோடயா இம்புட்டு ஒசரம் ஏறினான்?"

"நான்தான் போகச் சொன்னேன்" என்றேன்.

"நீங்க சொன்னா அவன் எப்பக் கேட்டான். அவனா ஏறிருக்கான்." மூக்கைச் சிந்தினான். "கயித்த எடுத்து வைங்க. ஞாயித்துக்கெழம வாரேன்."

விறகு வேண்டாம் என்றேன்.

"வெறகுக்கு ஆரு வாரா. கறி எடுத்தாரேன். கல்பாசி கெடக்குல்ல பரணுல?"

அது எப்படி இவனுக்குத் தெரியும் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கறிக்குழம்பு. ஒரு சிட்டிகைதான் போட்டேன். வாசம் தெரு முனை வரை போனது. மேடம் மூன்று தடவை சோறு வாங்கிவிட்டு, இது ஆராய்ச்சிக்கு வைக்க வேண்டிய சரக்கு என்றார். மிச்சத்தைச் சாக்கோடு அவரிடம் கொடுத்துவிட்டேன். தேதி போட்டு.

அக்டோபர் 17, வெள்ளி

மேடம் இன்னும் ஒரு வருடத்துக்கு வேலை நீட்டித்துவிட்டார். பதினாலுக்குப் புதுத் தகடு. அதில் சுரண்டியவர் பெயர், சுரண்டிய தேதி என்று இரண்டு வரி, நான் ஆணியால் குத்திக் குத்தி எழுதினது. கல்லறை கட்ட வசதி இல்லை என்று சாவன்றைக்கு அழுதேன், இப்போது தகடு போதும்.

காலையிலிருந்து மழை. மேடம் ஊரில் இல்லை, நாளைக்கு அளக்கலாம் என்று போனில் சொன்னார். நாளைக்கு என்ன அளப்பது. சேவுகன் ஏணியைப் பிடித்துக்கொண்டான், நான் ஏறினேன்.

விளிம்பிலிருந்து நாலு மில்லிமீட்டர். நடுவில் புதிதாக ஒரு பச்சைப் புள்ளி, கடுகு அளவு. ஒரு வருடத்துக்கு இவ்வளவுதான். முழுதாக மூடும்போது எனக்கு எழுபதை நெருங்கும். பார்ப்போம், யார் முந்துகிறோம் என்று.

இன்று தலைக்குக் குளித்துவிட்டுத்தான் போனேன். நன்றாக நனைந்தது.